ஜோதி சொன்னாளா?

அத்தியாயம் 11

கிறிஸ்டினா அன்றைக்குப் புடவை கட்டிக்கொண்டாள்.

பதினான்கு வருடமாக அவள் கல்லூரிக்குப் போனதெல்லாம் நீல டிராக் சூட்டில்தான். ஆண்டு விழாவுக்கும் சுதந்திர தினத்துக்கும் மட்டும் புடவை. நேற்று மாலை முதல்வர் சுமலதாவே போன் செய்து, "விசாரணைக்குத் தாளாளரும் வர்றார் கிறிஸ்டினா. கொஞ்சம் பார்த்து உடுத்திட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். கண்ணாடி முன்னால் நின்று கொசுவத்தை மூன்றாவது தடவையாகப் பிரித்து மடித்தாள். நிற்கவில்லை. பழக்கமில்லாத கைக்கு அது எப்படி நிற்கும்?

முன்னறையில் ஷைனி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, பி.காம். இரண்டாம் வருடம். அம்மா பயிற்சி கொடுக்கும் கூடைப்பந்து அணியில், பந்தை எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற இடம் அவளுடையது. கல்லூரிக்குள் இருக்கும்வரை மற்ற பெண்களைப் போல 'மேடம்' என்பாள். கேட்டைத் தாண்டியதும் 'மம்மி' ஆகிவிடும். இப்போது ஒன்பது நாளாக வீட்டிலும் மேடம்தான்.

"ஷைனி, இட்லி எடுத்து வெச்சிருக்கேன்."

"வேணாம் மேடம்."

ஒன்பது நாளைக்கு முன்னால் நடந்ததைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து பேசவில்லை. ஆனால் அம்மா, அப்பா, மகள் மூன்று பேருக்குமே அதைத் தவிர வேறு நினைப்பும் இல்லை.

மண்டலப் போட்டியின் அரையிறுதி. பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தார்கள். மற்ற பெண்கள் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்த நேரத்தில் ஜோதிலட்சுமி நொண்டிக்கொண்டே வந்து நின்றாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். ஐந்தடி பதினோரு அங்குல உயரம். அப்படி ஒரு ஆட்டக்காரி கிறிஸ்டினாவுக்கு முன்னும் கிடைத்ததில்லை, இனியும் கிடைக்கப் போவதில்லை.

"மேடம், முட்டி புடிச்சி இழுக்குது. கால ஊனவே முடியல."

ரயில்வே அணிக்கு ஆள் எடுக்க வந்த இரண்டு பேர் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜோதியைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு குவார்ட்டர்டி. அவங்க எழுந்து போற வரைக்கும் தாக்குப் பிடி" என்றாள் கிறிஸ்டினா. பக்கத்தில் இருந்த ஷைனி முட்டிக்கு டேப் சுற்றிவிட்டாள். ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி ஆரம்பித்து நான்காவது நிமிடம், பந்துக்காக எகிறி இறங்கிய ஜோதியின் இடது முட்டி திருகிக்கொண்டது. அந்தச் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் நன்றாக நடக்கலாம். ஆட்டத்தை மறந்துவிட வேண்டும்.

ஜோதியின் அப்பா திருமலை மகளை எழுதச் சொல்லிக் கல்லூரியில் புகார் கொடுத்தார். கல்லூரி கிறிஸ்டினாவிடம் விளக்கம் கேட்டது. ஒப்பந்த வேலையிலேயே பதினான்கு வருடத்தை ஓட்டியவளை நிரந்தரமாக்கும் பைல் அந்த வாரம்தான் தாளாளர் மேசைக்குப் போயிருந்தது. பயத்தில் அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். 'வலி இருப்பதாக மாணவி என்னிடம் தெரிவிக்கவில்லை.'

அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர். அவள், ஜோதி, ஷைனி. இன்றைக்குப் பதினோரு மணிக்கு மூவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

வாசலில் கம்பெனி பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. நைட் ஷிப்ட் முடிந்து கணவன் அன்புசெல்வன் வந்துவிட்டான். சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் ஆபரேட்டர். அனல் பட்டுப் பட்டு முகமே செம்பு நிறமாகிப்போன ஆள். பையைக் கீழே வைத்தவன் நேராக மகளிடம் போனான். கதவு ஒருக்களித்திருந்ததால் அறைக்குள் இருந்த கிறிஸ்டினாவுக்கு எல்லாம் கேட்டது.

"இன்னா சொல்லப் போற நீ?"

"நடந்தத."

"நடந்ததுன்னா?"

"ஜோதி வலிக்குதுன்னு சொன்னா. மேடம் கேக்கல. நான் டேப் சுத்துனேன். அவ்ளோதான் டாடி."

அவன் குரல் தாழ்ந்து வந்தது.

"இந்தப் பாக்டரிங்க நிக்கிற எடமெல்லாம் உங்க தாத்தா கூலிக்கு நாத்து நட்ட நெலம்டி. அந்த ஊட்லேந்து ஒருத்தி காலேஜுக்கு கோச்சா போய் நின்னா. பதினாலு வருஷம். நீ ஒரு வார்த்தைல எல்லாத்தையும் ஒடச்சிப் போட்டுட்டு வருவியா?"

"ஜோதி காலு ஒடஞ்சிட்சே டாடி."

"அது ஒடஞ்சிட்சி. நீ உண்மய சொன்னா மட்டும் ஒட்டிக்குமா? அதோட சேத்து உங்கம்மாவையும் ஒடைக்கணுமா?"

ஷைனி பையை எடுத்துத் தோளில் மாட்டும் சத்தம் கேட்டது.

கிறிஸ்டினா தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். இப்போது வெளியே போய், 'நீ உண்மையச் சொல்லுடி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். கதவைத் திறக்க ஒரு நொடி ஆகாது. அவள் திறக்கவில்லை. வாசல் கேட் கிறீச்சிட்டு மூடும் சத்தம் கேட்டது. ஷைனி ஷேர் ஆட்டோவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் கிறிஸ்டினா அறையை விட்டு வெளியே வந்தாள்.

ஸ்கூட்டரில் போகும்போது காரணமே இல்லாமல் முதல் நாள் ஞாபகம் வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கல்லூரி மைதானத்தில் இரண்டு இரும்புக் கம்பங்கள் மட்டும் நின்றன. வளையம் இல்லை. சிப்காட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் போய் உட்கார்ந்து, அளவு சொல்லி, கூடவே இருந்து வளையம் செய்துகொண்டு வந்தாள். முதல் வருடம் ஏழு பெண்கள் வந்தார்கள். சுடிதாரில்தான் ஓடினார்கள். கால்சட்டை போட வைப்பதற்கு ஏழு வீட்டுக்கும் நடந்தாள். அந்த ஏழு பேரில் ஒருத்தி இப்போது போலீஸில் இருக்கிறாள். ஒருத்தி பள்ளிப்பட்டில் விளையாட்டு ஆசிரியை. பின்னால் வந்தவர்களில் இரண்டு பேருக்கு ரயில்வே வேலையே கிடைத்தது. மூன்று முறை மண்டலக் கோப்பை.

இத்தனையும் அவள் செய்ததுதான். 'இன்னும் ஒரே ஒரு குவார்ட்டர்டி' என்று சொன்னதும் அதே வாய்தான். அதை ஜோதியின் வேலைக்காகச் சொன்னாளா, தன் பைலுக்காகச் சொன்னாளா? ஒன்பது நாளாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். அவளுக்கே தெரியவில்லை.

கல்லூரிக்குள் நுழைந்தபோது சைக்கிள் ஸ்டாண்டில் ஷைனியும் ஜோதியும் நின்றுகொண்டிருந்தார்கள். ஜோதி இரண்டு அக்குளிலும் கட்டை வைத்திருந்தாள். ஷைனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். தூரத்தில் இருந்ததால் காதில் விழவில்லை. கிறிஸ்டினாவைப் பார்த்ததும் இரண்டு பேரும் பிரிந்து நடந்தார்கள்.

விசாரணை முதல்வர் அறையில். நடுவில் தாளாளர், பக்கத்தில் சுமலதா, மூலையில் டைப் அடிக்க ஆபீஸ் கிளார்க். சுவரோரமாக ஜோதி கட்டைகளோடு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் திருமலை நின்றுகொண்டிருந்தார். வெளுத்த சட்டையைக் கஞ்சி போட்டு உடுத்தியிருந்தார். உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

முதலில் ஷைனியைக் கூப்பிட்டார்கள்.

"இதோ பாரும்மா" என்றார் தாளாளர். "உங்கம்மான்னு நினைக்காத. கோச்சுன்னு நினைச்சுச் சொல்லு. பாதி ஆட்டத்துல ஜோதிலட்சுமி தனக்கு வலிக்குதுன்னு சொன்னாளா?"

ஷைனி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சொல்லல சார். டேப் எப்பவும் சுத்துறதுதான்."

ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் பந்தை வீசுவதற்கு அவளுக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தது கிறிஸ்டினாதான். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். மகளின் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

சுமலதா ஜோதியிடம் திரும்பினார். "நீ எழுதிக் குடுத்தது வேற மாதிரி இருக்கேம்மா?"

ஜோதி ஷைனியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஷைனி சொல்றதுதான் கரெக்டு மேடம். நான் சொல்லல."

திருமலை எழுந்துவிட்டார். "இன்னாமா சொல்ற நீ? ஆஸ்பத்திரில படுத்துகினு என் கையப் புடிச்சிகினு அழுதியே, அப்ப இன்னா சொன்ன?"

"பயத்துல சொல்ட்டம்பா. வலிக்குதுன்னா மேட்ச்லேந்து எடுத்துடுவாங்கோன்னு நான்தான் மறச்சிட்டேன்."

அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏரியிலும் கடலிலும் நாற்பது வருடம் வலை இழுத்த மனிதர். அந்தத் தோள் இரண்டும் மெதுவாகத் தொங்கிப்போயின. மேசையைச் சுற்றிக்கொண்டு நேராகக் கிறிஸ்டினாவிடம் வந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்பா நெனச்சிகாதீங்க டீச்சர்மா. பொண்ணு பேச்சக் கேட்டு உங்க பேர்ல எழுதிக் குடுத்துட்டேன். படிப்பு இல்லாதவன். மனசுல வெச்சிகாதீங்க."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வார்த்தை வந்து விழுந்தது.

"பரவால்லிங்க."

அவளும் கை கூப்பியிருந்தாள். தன் கைகளைப் பார்த்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

தாளாளருக்கு நிம்மதி. புகார் பொய் என்று ஒப்புக்கொண்டு ஜோதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தால், அவள் இனி ஆட முடியாவிட்டாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த சீட்டும் ஹாஸ்டலும் படிப்பு முடியும்வரை அப்படியே இருக்கும் என்றார். கிளார்க் டைப் அடித்துக் கொடுத்ததில் ஜோதி கையெழுத்துப் போட்டாள். திருமலை பெருவிரலை மையில் அழுத்தினார். அப்பாவும் மகளும் வெளியே போனார்கள். ஷைனி அதற்கு முன்பே போயிருந்தாள்.

"நீங்க போங்க கிறிஸ்டினா. உங்க பைலை இன்னைக்கே பார்த்துடுறேன்" என்றார் தாளாளர்.

அவள் போகவில்லை.

"சார், ஜோதி சொன்னா."

"என்ன?"

"வலிக்குதுன்னு என்கிட்ட சொன்னா. நான்தான் ஆடச் சொன்னேன். ரெண்டு பொண்ணுங்களும் இப்ப சொன்னது பொய். என்னாலதான்."

டைப் அடிக்கும் சத்தம் நின்றது. சுமலதா தலையைக் குனிந்துகொண்டார். தாளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"புகார் குடுத்த பொண்ணே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா. அவங்கப்பா உங்களைக் கும்பிட்டுட்டுப் போயிட்டார். இப்ப நீங்க இப்படிச் சொன்னா, அடிபட்ட பொண்ணை ஆட விட்ட காலேஜ்னு நாளைக்கு ஊரே பேசும். அப்புறம் எந்த அப்பன் பொண்ணை இங்க அனுப்புவான்?"

"ஆனா அதுதான் சார் நடந்தது."

"நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க. நான் எதையும் கேக்கல." கிளார்க்கிடம் திரும்பினார். "நீ எதையும் அடிக்காத."

கிறிஸ்டினா வெளியே வந்தாள். மைதானத்தில் யாரோ பந்து தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பாமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

பழவேற்காடு பஸ்ஸுக்கு ஜோதியும் திருமலையும் பொன்னேரிக்குத்தான் போக வேண்டும். கவரைப்பேட்டையைத் தாண்டி, தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்பி, உச்சி வெயிலில் ஓட்டினாள். இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் உரசிக்கொண்டு போயின. முந்தானை சக்கரத்தில் சிக்கப் பார்த்தது. இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் அவர்கள் இருந்தார்கள். ஜோதியின் கால் ஒரு துணிப்பையின் மேல் நீட்டி வைக்கப்பட்டிருந்தது. கிர்ணிப்பழ ஜூஸ் தம்ளர் கையில் இருந்தது. குடிக்கவில்லை. திருமலை அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கிறிஸ்டினாவைக் கண்டதும் ஜோதிக்குப் புரிந்துவிட்டது. "மேடம், வேணாம்" என்றாள் மெதுவாக.

"நீங்க என்னைக் கும்பிட்டிருக்கக் கூடாதுங்க" என்றாள் கிறிஸ்டினா. "உங்க பொண்ணு மொதல்ல சொன்னதுதான் நெசம். வலிக்குதுன்னு என்கிட்ட சொன்னா. நான்தான் எறக்கி உட்டேன். பொய் சொன்னது நான்."

திருமலை எழுந்து நின்றார்.

"அப்ப எம்பொண்ணு பொய்க்காரி இல்ல?"

"இல்லிங்க."

அவர் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் மாதிரி ஏதோ வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

"அத்தினி பேரு எதிர்ல கையெடுத்துக் கும்புட்டனே டீச்சர்மா. அப்பக்கூட வாயத் தெறக்கலியே நீங்க. பரவால்லன்னு சொன்னீங்களே."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அப்புறமா சொன்னேங்க. தாளாளர்கிட்டயே சொன்னேன். அவர் காதுலயே வாங்கிக்கல."

"அவரு வாங்கல, அதனால என்னாண்ட எடுத்தாந்தீங்களா? எங்கியாவது எறக்கி வெச்சிட்டா உங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு?"

பழவேற்காடு பஸ் உறுமிக்கொண்டு நகரத் தயாரானது. கண்டக்டர் ஆள் கூப்பிட்டார். திருமலை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலீல பத்து மணிக்கு காலேஜ் கேட்டாண்ட வரேன். குப்பத்துப் பெரியவங்களையும் இட்டுகினு வரேன். இப்ப என்னாண்ட சொன்னத அவங்க எதிர்ல சொல்லுங்கோ. வருவீங்களா?"

"வரேங்க."

"வராம இருந்துடாதீங்க. எங்க ஊட்ல பணம் காசு கெடயாது. பேரு ஒண்ணுதான் கீது. அத இன்னிக்கு அங்க உட்டுட்டு வந்துகீறேன்."

ஜோதியைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். முதல் படியே அவளுக்கு எட்டவில்லை. பத்தடி உயரத்து வளையத்தை எகிறித் தொட்டவளை, அப்பா இடுப்பைப் பிடித்துத் தூக்க, கண்டக்டர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கிறிஸ்டினா கட்டைகளை எடுத்து நீட்டினாள். ஜோதி வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

கிறிஸ்டினா வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு. அன்புசெல்வன் தூங்கி எழுந்து டீ போட்டு வைத்திருந்தான். பல நாளைக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு.

"சுமலதா மேடம் போன் பண்ணாங்க கிறிஸ்டி. பைல்ல கையெழுத்து ஆயிட்சாம். இனிமே நீ பர்மனென்ட். ரெண்டு நாள் லீவும் எடுத்துக்கச் சொன்னாங்க. இன்னாத்துக்கு லீவு?"

அவள் டீயைத் தொடவில்லை. நடந்தது முழுக்கச் சொன்னாள். பொன்னேரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொன்னாள்.

"பைத்தியமா நீ? எல்லாம் முடிஞ்சி ஓய்ஞ்சத இழுத்து உட்டுட்டு வந்துகீறியே! நாளைக்கு நீ எங்கியும் போவக் கூடாது."

"காலைல அவகிட்ட நீங்க பேசுனத நான் கேட்டுகினுதான் இருந்தேன்."

அன்புசெல்வன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "கேட்டியா? அப்ப ஏன் வெளிய வந்து தடுக்கல?"

உள்ளேயிருந்து ஷைனி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் ஷூவும் ஏழாம் நம்பர் ஜெர்சியும் இருந்தன. அம்மாவின் காலடியில் வைத்தாள்.

"பர்ஸ்ட் இயர் பொண்ணுங்க யாருக்காவது குடுத்துடுங்க. அளவு சரியா இருக்கும்."

"இன்னாடி இது?" என்றாள் கிறிஸ்டினா. "அடுத்த வாரம் யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷன். லிஸ்ட்ல மொத பேரே உன்னுதுடி."

"நான் போவல. இனிமே ஆடவே மாட்டேன்."

"யாரு சொன்னா?"

ஷைனி சுவரில் சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த முகம் இப்போதுதான் உடைந்தது.

"சைக்கிள் ஸ்டாண்டாண்ட அவ கையப் புடிச்சிக் கெஞ்சுனேன். எங்கம்மாவ காப்பாத்துடி, நான் உள்ள போய் பொய் சொல்லப் போறேன், நீயும் ஒத்துக்கோன்னு சொன்னேன். அப்புறம் சரின்னா. ஆனா ஒண்ணு கேட்டா."

"இன்னா கேட்டா?"

"'நான் இல்லாத கோர்ட்ல நீயும் ஆடக்கூடாது'ன்னா. அவ்ளோதான். சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

அன்புசெல்வன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நடக்கப் பழகிய நாளிலிருந்து கையில் பந்தோடு திரிந்த பெண். அவள் இப்படிப் பேசுவதை அவன் கேட்டதில்லை.

கிறிஸ்டினா மகளின் தோளைப் பிடித்தாள். "நாளைக்கு நான் எல்லார் எதிர்லயும் உண்மையச் சொல்லிடப் போறேன்டி. அப்புறம் அந்தச் சத்தியத்துக்கு இன்னா வேல? நீ ஆடலாம்."

ஷைனி அந்தக் கையை மெதுவாக எடுத்து விட்டாள்.

"உங்களுக்கு இன்னமும் ஆட்டம்தான் பெருசா தெரியுது."

வெளியே முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்ட கம்பெனி பஸ்கள் காலியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. கொடியில் காய்ந்த துணிகளில் ஆலைக் கரி படிந்திருந்தது. யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை.

ஐந்தரை மணிக்குக் கிறிஸ்டினாவின் போன் அடித்தது. ஜோதி. பின்னால் நிறைய ஆண்களின் பேச்சுச் சத்தம். காற்றும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், பேசலாமா?"

"சொல்லுடி."

"அப்பா ஊர்ல எல்லாரையும் கூப்ட்டு சொல்ட்டாரு. நாளைக்கு வேன் வெச்சி வரப் போறாங்களாம்." மூச்சு வாங்கியது. "நீங்க வராதீங்க மேடம்."

"ஜோதி..."

"நீங்க வந்து நின்னாதான் அது பெருசாவும். நீங்க வரலன்னா அப்பா கொஞ்ச நேரம் கத்துவாரு, அப்பால வந்துடுவாரு. புகார் பொய்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துகீறேன் மேடம். அதனாலதான் சீட்டுன்னு அந்த லெட்டர்லயே கீது. இப்ப அது பொய்னு ஆயிட்டா என்னிய வெளிய அனுப்பிடுவாங்கோ."

கிறிஸ்டினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெயிலில் அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு போனாளே, இந்தப் பெண்ணின் சீட்டைப் பற்றி ஒரு தடவைகூட அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"உங்கப்பாவுக்கு வரேன்னு வாக்குக் குடுத்துருக்கேன்டி."

"தெரியும் மேடம். நானும் அங்கதான இருந்தேன். காலு போச்சு. படிப்பாவது இருக்கட்டும் மேடம். என்னிய பொய்க்காரின்னு சொன்னா சொல்லிட்டுப் போட்டும். கேட்டாண்ட வந்து ஏமாந்து நின்னா அப்பாதான் தாங்க மாட்டாரு. அதனால ராத்திரியே அவருக்குப் போன் பண்ணி, பஸ் ஸ்டாண்டுல சொன்னதுதான் பொய்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாரு."

அன்புசெல்வனும் ஷைனியும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் யாரோ ஜோதியைக் கூப்பிட்டார்கள். திருமலையின் குரல் மாதிரி இருந்தது.

"தோ வரம்பா!" என்று ஜோதி கத்தினாள். பிறகு போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு அவசரமாகக் கேட்டாள். "சொல்வீங்கதான மேடம்? லைன்ல கீறீங்களா?"

"இருக்கேன்" என்றாள் கிறிஸ்டினா.

காலை பத்து மணிக்கு இன்னும் ஒரு முழு இரவு இருந்தது.